திங்கள் முதல் சனி வரை யார் கணக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேற்கு நாடுகளில் தேவாலயங்கள் காலியாகி வருவது பற்றிப் பேச்சு எழுந்தாலே, ஒரு கூட்டம் 'விசுவாசம் போச்சே' என்று புலம்புகிறது, இன்னொரு கூட்டம் 'ஜனங்கள் தெளிந்துவிட்டார்கள்' என்று கைதட்டுகிறது. இரண்டு பேருக்கும் ஞாயிறு ஆராதனை மட்டும்தான் கண்ணில் படுகிறது. மற்ற ஆறு நாளும் அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை, என் ஆதங்கம் அதுதான்.

சரிவு உண்மைதான். காலப் (Gallup) என்ற நிறுவனத்தின் கருத்துக்கணிப்பின்படி 1999-இல் அமெரிக்கர்களில் 70 சதவீதம் பேர் ஏதாவதொரு வழிபாட்டுத் தலத்தில் உறுப்பினர்கள், 2020-இல் அது 47. இங்கிலாந்து, வேல்ஸில் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவீதம். இதற்குச் சபைகளும் காரணம். சிறுவர்கள் மீதான பாலியல் கொடுமைகளை வருஷக்கணக்கில் மூடி மறைத்துவிட்டு ஆள் வரவில்லையே என்று அழுதால் யாருக்கு இரக்கம் வரும்?

ஆனால் சர்ச் மூடினால் அதோடு ஒட்டியிருக்கிற ஹாலும் பல இடங்களில் விலைக்குப் போய்விடுகிறது. இலவச உணவுப் பொருள் கொடுக்கும் மையம், கைக்குழந்தையோடு வரும் தாய்மார் கூடுகிற காலை நேரம், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, எல்லாம் அங்கேதான். 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடியை விட நினைப்பவர்களின் குழு, இன்றைக்கும் பல ஊர்களில் சர்ச் அறையில்தான் சிறு வாடகை கொடுத்துக் கூடுகிறது. அங்கே வருகிற பலர் பைபிளைத் தொட்டே இருக்கமாட்டார்கள், யாரும் கேட்பதும் இல்லை. காபி கடையில் போய் இதையெல்லாம் நடத்த முடியுமா? அங்கே உட்காரவே காசு வேண்டும். நகராட்சி ஹாலுக்கு விண்ணப்பம், கட்டணம், தேதி. இங்கேயோ சாவியை வைத்திருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருப்பார், அவரிடம் சொன்னால் போதும், கதவு திறக்கும்.

அப்புறம் கூரை. பழைய கட்டடம், பாரம்பரியச் சின்னம் என்று பட்டியலில் வேறு இருக்கும், இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. பிரிட்டனில் இப்படிப்பட்ட ஆலயங்களின் பழுதுபார்ப்புக்கு மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் இருந்தது. 2025 ஏப்ரலில் அதற்கு ஒரு ஆலயத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று உச்சவரம்பு போட்டார்கள். பெரிய கூரை வேலை என்றால் அது எந்த மூலைக்கு? முதியவர்கள் இருபது முப்பது பேர் மட்டும் மிஞ்சிய சபை வேறு வழியில்லாமல் விற்கிறது, வாங்குபவர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஆக்குகிறார். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் டொமினிக்கன் துறவிகளின் பழைய ஆலயம் புத்தகக் கடையாகியிருக்கிறது, அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கடை.

இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி, இப்படி ஒரு இடத்தை ஊருக்குப் பயன்படும் சொத்து என்று பட்டியலிட்டால், விற்பனைக்கு வரும்போது அதை விலை கேட்க ஊர்மக்கள் ஆறு மாதம் வரை அவகாசம் பெறலாம். நல்ல சட்டம்தான், ஆனால் பணத்துக்கு எங்கே போவது? உணவுப் பொருள் வாங்க வரிசையில் நிற்கிறவர்களிடமா வசூல் செய்வது? அவகாசத்தோடு அரசு கடனும் கொடுக்கட்டும். முடியாவிட்டால் ஆலயத்தை விற்றாலும் ஹாலையாவது தனியே பிரித்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்கும்படி விதி போடட்டும், சாவி அந்தப் பெரியவரிடமே இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்