சரிவில் சிக்கிய நண்பரிடம் ஓடாதிருக்கப் பழக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மேற்குக் கனடாவின் குளிர்கால விளையாட்டுகள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஸ்னோமொபைல் என்னும் பனி வண்டியை ஓட்டுபவரிடம் ட்ரான்ஸீவர் (புதைந்தவரின் இடத்தைக் காட்டும் வானொலிச் சமிக்ஞைக் கருவி), துழாவுகோல் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கோல்), சவள் (பனியை அள்ளும் மண்வாரி) மூன்றும் இருந்தால் பனிச்சரிவுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதுபோல் முடிந்திருந்தது. கல்கரியில் ஒரு ஸ்னோமொபைல் கழகத்தில் ஆறு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கும் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அவை மூன்றும் ஆள் புதைந்த பிறகே உதவுபவை. கனடாவில் பனிச்சரிவில் புதைந்தவர்கள் குறித்து 2011இல் வெளியான ஆய்வு, பத்து நிமிடங்களைத் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைவதைக் காட்டியது. சென்ற பருவப் பயிற்சியில், ஒரு மீற்றர் ஆழத்தில் புதைத்துவைத்த பையை வெளியே எடுக்க எங்கள் அணிக்குப் பதினான்கு நிமிடங்கள் பிடித்தன. மார்புப் பையில் கைபேசியை அணைக்காமல் வைத்திருந்ததால் என் ட்ரான்ஸீவரில் தூரம் காட்டும் எண்கள் தாறுமாறாகக் குதித்ததும் ஒரு காரணம். பைதானே என்று சிரித்துவிட்டு வந்தோம்.

ஆபத்து அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைச்சரிவில் ஒருவரின் வண்டி ஆழ்ந்த பனியில் சிக்கிக்கொண்டால், கீழே நிற்கும் நண்பர் தன் வண்டியை முடுக்கி மேலே ஏறுவதே வழக்கம். பனிக்குள் இருக்கும் நலிந்த அடுக்கு உடைந்து பனிச்சரிவு ஏற்படுவதற்கு அந்தக் கூடுதல் எடை போதும். அடுக்கு அமுங்கும் ஓசை எழுந்தாலும் எஞ்சின் இரைச்சலில் கேட்காது. இருவர் புதைந்தால் தேடுவதற்கு ஒருவர் குறைவு. 2008 டிசம்பர் 28 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெர்னிக்கு அருகே பதினொரு ஸ்னோமொபைல் ஓட்டிகளில் எட்டுப் பேர் இறந்தபோது, முதல் பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தோண்ட வந்தவர்கள் மீதும் அடுத்த பனிச்சரிவு விழுந்தது. அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. நானும் ஓடியிருப்பேன்.

ஓடாதிருப்பது பழகினால்தான் வரும். எனவே கழகப் பயிற்சிகளில் ஒருவர் சிக்கிக்கொண்டவராக நடிக்க, மற்றவர்கள் பனிச்சரிவு வந்து சேராத இடத்தில் வண்டிகளைத் தப்பிச்செல்லும் திசைக்குத் திருப்பி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணெடுக்காமல் பார்த்திருக்க, அவர் தானாகவே சவளால் தோண்டி வெளிவரும் ஒத்திகையைத் தேடுதல் பயிற்சிக்கு முன்னரே நடத்த வேண்டும். இருபது நிமிடம் சும்மா நிற்பது அலுப்பூட்டும் என்று எங்கள் கழகத்தில் சிலர் மறுத்தார்கள். குளிரில் நிற்பது அலுப்புத்தான். ஆயினும், இந்த ஒத்திகையில் கலந்துகொள்ளாதவரை மலைப்பயணத்தில் சேர்க்கக் கூடாதென்று செயற்குழுவிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கழக உறுப்பினர் ஒருவர்,
கல்கரி.