அறுபதா, அறுபத்தொன்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் மூன்று விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். இருபது ஆண்டுகள் பேரேடு. இரண்டு ஆண்டுகளாகச் செல்போன் செயலி. அந்தச் செயலியின் பிழையால் இந்த முறை எங்கள் காவல்காரருக்கு ஒரு நாள் கூலி குறைந்துவிட்டது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அத்தனை நாளும் கரையேற்றி வைத்த படகுகளுக்கு அவர்தான் காவல். செயலி 60 நாள் என்றது. அதை நம்பிக் கூலியை எண்ணி நீட்டினேன். அவர் வாங்கவில்லை, படகருகே அழைத்துப் போனார். அணியத்துப் பலகையில், அதாவது படகின் முன்புறப் பலகையில், கரிக்கோடுகள். நான்கு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. அப்படிப் பன்னிரண்டு கட்டு. கடைசியில் தனியாக ஒரு கோடு. ஏப்ரலில் 16, மே மாதம் 31, ஜூனில் 14. அரசு சொல்வதும் 61 நாள்தான்.

பொறியியல் படிக்கும் என் மகள் விளக்கினாள். நிரல் ஒரு தேதியிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. கிடைப்பது இடைவெளி. காவல் காத்த நாள்களோ எண்ணிக்கை. முதல் நாளும் கடைசி நாளும் அதில் சேரும். ஆகவே ஒன்றைக் கூட்ட வேண்டும். கடனுக்கு வட்டி போட இடைவெளி போதும், கூலிக்குப் போதாது. செயலியை எழுதியவர்கள் அதற்கு முன் கரையில் யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

இன்னொன்று என்னைப் பயமுறுத்தியே விட்டது. ஜூன் 15 அதிகாலை 4 மணிக்கு ஐஸ் ஏற்றியதைப் பதிந்தேன். அச்செடுத்த தாளில் ஜூன் 14 இரவு 10.30 என்று வந்தது. சர்வரில் நேரம் உலகப் பொது நேரமாகச் சேமிக்கப்படுகிறது. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி கூடுதலாகக் காட்டும். அப்படிச் சேமிப்பது தவறில்லையாம். காட்டும்போது அந்த ஐந்தரை மணியைத் திரும்பக் கூட்டாமல் விட்டதுதான் தவறு. தடை முடியும் முன்பே தொழிலுக்குக் கிளம்பியதாக அந்தத் தாள் சொல்கிறது. அதிகாரி கேட்டால் படகுக்காரர் என்ன பதில் சொல்வார்?

செயலி நடத்துபவர்களிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். கணினிக் கணக்கு தவறாது என்கிறார்கள்.

காவல்காரருக்கு 61 நாள் கூலியும் கொடுத்தாயிற்று. மீனவர்களுக்காகச் செயலி எழுதும் பிள்ளைகள், வெளியிடும் முன் இந்தத் தேதிகளை ஒருமுறை போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 61 வர வேண்டும். அதிகாலை 4 மணி ஜூன் 15இலேயே நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
விசைப்படகுக் கணக்கர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.