இந்த வாரச் சொற்கள்: மனநிலை

வணக்கம். இந்த வாரம் மகிழ்ச்சி, மனநிலை பற்றிய ஆங்கிலச் சொற்கள்.

நேற்றைய குரல் பதிவுகளில் ஐந்தாறு பேர் 'ஐ ஆம் டென்ஷன்' என்றிருந்தீர்கள். டென்ஷன் பெயர்ச்சொல், ஆளோடு அப்படி ஒட்டாது. வேலைப்பளு அழுத்தினால் 'ஐ ஆம் ஸ்ட்ரெஸ்ட்'. நாளைய இன்டர்வியூவை நினைத்து வயிற்றைக் கலக்கினால் 'ஐ ஆம் நெர்வஸ்'.

அதைவிட முக்கியம், 'ஃபீல் பண்ணாதீங்க'. நம் பேச்சில் அது 'வருத்தப்படாதீங்க'. ஆங்கிலத்தில் 'டோன்ட் ஃபீல்' என்று நிறுத்தினால் 'எதையும் உணராதே' என்றாகிவிடும். துக்கத்தில் இருப்பவரிடம் அப்படிச் சொல்லிவிடக் கூடாதே! 'ஐ ஆம் ஹியர் ஃபார் யூ' என்றால் போதும், மனசு போய்ச் சேரும்.

நிம்மதிக்கு ஒரே சொல் கிடையாது. இரவில் தாமதமான மகள் பத்திரமாக வீடு வந்ததும் வருவது 'ரிலீவ்ட்'. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருக்கும்போது வேறெதுவும் வேண்டாமென்று இருக்குமே, அது 'கன்டென்ட்'. அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். முதல் அசையில் விழுந்தால் 'உள்ளடக்கம்' ஆகிவிடும்.

ஞாயிறு இரவு 8 மணிக்குள், இந்த வாரம் உங்களுக்கு நிம்மதி தந்த ஒரு நிமிடத்தைப் பற்றி ஆங்கிலத்தில் 3 வாக்கியம் பேசி அனுப்புங்கள். தப்பு வந்தாலும் பரவாயில்லை. கூச்சமாக இருப்பவர்கள் எனக்குத் தனியாக அனுப்பலாம், திருத்தித் தருகிறேன்.