பதினெட்டாம் நாள் வரை தண்ணீர் வேண்டாம்

புக்கிட் மெர்தாஜம்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி வலி குறைந்து காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லாரும் நலம். மழைக்காலம் தொடங்கிவிட்டது, மதியம் மூன்று மணி ஆனால் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. சின்னவளுக்கு பாயான் லெப்பாசில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் முப்பது வருடம் போய் வந்த அதே பாலத்தில் இப்போது அவள் போகிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேத்திக்குப் பள்ளி விடுமுறை வருகிறது, குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நான் பட்டதைச் சொல்கிறேன், அப்புறம் நீ முடிவு செய்.

2022இல் கோழிக்குத் தட்டுப்பாடு வந்து, ஜூன் 1 முதல் ஏற்றுமதியையே மலேசிய அரசாங்கம் நிறுத்தி வைத்ததே, அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரி பின்பக்கம் நாலு நாட்டுக்கோழி வாங்கி விட்டாள். முட்டை கிடைத்தது. ஆனால் நாலில் ஒன்றுகூட அடை உட்காரவில்லை. அதனால்தான் பெட்டி வாங்கினேன். 24 முட்டை வைக்கலாம், உள்ளே சின்ன விசிறி, முட்டையைத் தானாகத் திருப்பிவிடும் மோட்டார். கடை முட்டையை வைத்துப் பார்க்கலாமா என்று நினைக்காதே. பண்ணையில் முட்டைக்காக வளர்க்கும் கோழிகளோடு சேவலே இருக்காது, அந்த முட்டையில் உயிர்க்கரு கிடையாது. எங்களிடமும் அப்போது சேவல் இல்லை. பாலிக் புலாவில் கம்பத்துக்கோழி வளர்க்கும் ஒரு மலாய்க்காரப் பெரியவரிடம் போய் 24 முட்டை வாங்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம்.

பெட்டியோடு வந்த கையேட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். முதல் நாளிலிருந்தே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வாய்க்காலிலும் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தது. ஊற்றினேன், வற்ற வற்ற ஊற்றினேன். ஏழாம் நாள் குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சின் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தோம். செக்கச் சிவந்த வெளிச்சத்துக்குள் சிலந்திக் கால் மாதிரி நரம்புகள், நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி அசைந்தது! குஞ்சின் கண் அது. வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். எட்டு முட்டைதான் கூமுட்டை. மீதி பதினாறும் நன்றாக இருந்தன.

21ஆம் நாள் ஐந்து குஞ்சுதான் வந்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு முட்டையை நானே உடைத்துப் பார்த்தேன். முழுக் குஞ்சு. சிறகு முளைத்து, நகம் முளைத்து, மூக்கின் நுனியில் ஓடு உடைக்க வளரும் அந்த வெள்ளை முள்ளும் வந்து, தலையை வலது இறக்கைக்குள் வைத்தபடி செத்திருந்தது. மூக்கைச் சுற்றி நீர் கோத்திருந்தது. பதினொன்றும் அப்படியே. வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, நண்பா. கோழியின் கீழே இருந்திருந்தால் இந்தப் பதினொன்றும் ஓடித் திரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஏன் இப்படி ஆனது என்று தெரியாமல் அடுத்த முட்டையை வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். தொழிற்சாலையில் சூளைகளின் சூட்டைச் சரிபார்த்தே காலம் தள்ளியவன் நான். முதலில் பெட்டியின் சூட்டைப் பார்த்தேன். பெட்டி 37.5 டிகிரி காட்டியபோது, காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டர் 37.4 காட்டியது. சூட்டில் பிழை இல்லை. பிழை தண்ணீரில் இருந்தது.

முட்டை ஓடு மூச்சு விடும். ஆயிரக்கணக்கான நுண்துளை வழியே உள்ளிருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போக வேண்டும். 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை இழக்க வேண்டும். 50 கிராம் முட்டை 44 கிராமுக்கு இறங்க வேண்டும். அந்த ஈரம் போன இடத்தில்தான், பெரிய முனையில் காற்றறை வளர்கிறது. குஞ்சு வெளியே வருமுன் முதலில் அந்தக் காற்றறைக்குள் மூக்கை நீட்டித்தான் முதல் மூச்சை இழுக்கும். என் முட்டைகளில் ஈரம் போக வழியில்லை. காற்றறை சிறுத்துவிட்டது, குஞ்சு மூச்சிழுத்த இடத்தில் நீர் இருந்தது.

அந்தக் கையேடு காற்று காய்ந்து கிடக்கும் ஊருக்கு எழுதியது. நம் ஊர்க் காற்று அப்படியா? வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள். அதே காற்றை 37.5 வரை சூடாக்கினால் ஈரப்பதம் தானாகவே 50க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முதல் 18 நாளுக்கு வேண்டியதே 45 முதல் 55தான். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லை. நான் ஊற்றி ஊற்றி எழுபதுக்கு ஏற்றி வைத்திருந்தேன். கடைசி மூன்று நாள் மட்டும்தான் தண்ணீர் ஊற்றி 65, 70க்குக் கொண்டுபோக வேண்டும், ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க.

இதை உனக்கு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோலாலம்பூரில், செந்தூலில் உன் வீட்டில் பகலெல்லாம் ஏர்கோன் ஓடுகிறது. அந்த அறையில் வைத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஏர்கோன் காற்று வறண்டது, சூடேறும்போது 30க்கும் கீழே போய்விடும். அங்கே தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். அதைவிட, ஏர்கோன் இல்லாத அறையில், வெயில் படாத மூலையில் வைத்துவிடு. பாசாரில் விற்கும் சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி உள்ளே போடு. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை முட்டைகளை நிறுத்துப் பார். எடை சொல்வதை நம்பு.

இரண்டாம் முறை 20 முட்டை வைத்தேன். மூன்று கூமுட்டை, ஒன்றில் இரத்தம் வளையமாக நின்றிருந்தது, அது செத்த கரு. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் இடியோடு மழை, கரண்டு போய்விட்டது. ஒன்றரை மணி நேரம். பழைய கம்பளியைப் பெட்டி மேல் போட்டு, காற்றுத் துளையை மட்டும் விட்டு மூடினோம். கோழிகூடத் தினம் ஒரு தடவை இரை தின்ன எழுந்து போகும், முட்டை அதைத் தாங்கும். சூடு குறைவதைவிடக் கூடுவதுதான் கொல்லும்.

அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தபோது லயத்து வீட்டுப் பாட்டி நினைவுக்கு வந்தார். உனக்கும் நினைவிருக்கும், உன் அம்மா அடைக்கோழி கேட்டு வருவாரே. பாட்டி கூடையில் மணல் பரப்பி, முட்டையை ஒற்றைப்படையில் அடுக்கி, பக்கத்தில் ஒரு இரும்பு ஆணியும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைப்பார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பு இருந்தால் ஆகாது என்பார். நான் எழுந்து போய்க் கருவிப் பெட்டியில் ஒரு நாலு அங்குல ஆணியை எடுத்து வந்து கம்பளியின் மேல் வைத்தேன். இப்போதும் ஒவ்வொரு முறையும் வைக்கிறேன். முட்டையைத் தொடும்போதெல்லாம் பாட்டியின் கை என் கைக்குள் இருப்பது மாதிரி ஒரு நினைப்பு.

இருபதாம் நாள் இரவு பதினோரு மணிக்கு, விரிசல் ஒன்றும் தெரியாத முட்டைக்குள்ளிருந்து கீச் என்று சத்தம். விடியும்போது ஒரு முட்டையில் மிளகளவு ஓடு பெயர்ந்திருந்தது. அதிலிருந்து குஞ்சு முழுதாக வெளியே வர இன்னும் பதினான்கு மணி நேரம் ஆனது. கொத்தும், பிறகு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், மறுபடி கொத்தும். உடைத்து விடுங்களேன் என்று வீட்டுக்காரி கெஞ்சினாள். நான் தொடவில்லை. அது சும்மா கிடப்பதாக நமக்குத் தெரிகிற அந்த நேரத்தில்தான் சவ்வில் இருக்கும் இரத்தத்தையும் மிச்ச மஞ்சள்கருவையும் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கொட்டிச் செத்துவிடும். மூடியைத் திறந்தால் ஈரம் போய், மற்ற குஞ்சுகள் சவ்வில் மாட்டிக்கொள்ளும். பேத்தியிடம் இதை முன்கூட்டியே சொல்லி வை. அந்த ஒரு நாள் அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். வந்த குஞ்சு உலரும் வரை உள்ளேயே இருக்கட்டும், மஞ்சள்கரு வயிற்றில் இருப்பதால் இரண்டு நாளுக்கு இரை இல்லாமலே தாங்கும்.

பதினாறில் பதினான்கு வந்தன.

அட்டைப்பெட்டியில் பழைய துண்டை விரித்து விடு. செய்தித்தாள் வழுக்கும், கால் விரிந்து ஊனமாகிவிடும். மேலே குண்டு பல்பு ஒன்று. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், வாயைத் திறந்துகொண்டு ஓரம் ஒதுங்கினால் சூடு, அதைப் பார்த்து விளக்கை ஏற்றி இறக்கு. தண்ணீர்த் தட்டில் நாலைந்து கோலிக்குண்டு போடு, இல்லாவிட்டால் விழுந்து மூழ்கிவிடும்.

இனி என் முடிவு. வாங்கு, ஆனால் ஒரு நிபந்தனை. வருகிற குஞ்சில் பாதி சேவலாக இருக்கும். பதினோராம் மாடியில் சேவல் கூவினால் அக்கம்பக்கத்தார் விடமாட்டார்கள், விடவும் கூடாது. பேத்தி ஆசை தீர்ந்த பிறகு எங்கே விடுவது என்று தெரியாமல் வளர்க்கத் தொடங்குவது பாவம். மூன்று வாரம் அவள் வளர்க்கட்டும். பிறகு அத்தனையையும் இங்கே கொண்டுவந்து என் பஞ்சாரத்தில் விட்டுவிடு. இடம் இருக்கிறது.

இப்போது சேவலும் இருக்கிறது, முட்டையை நானே தருகிறேன். இந்தச் சூட்டில் நாலைந்து நாளுக்கு மேல் சேர்த்து வைக்க மாட்டேன். கழுவவும் மாட்டேன், நீயும் கழுவாதே. விடுமுறை தொடங்கும் முன் வரும் வியாழக்கிழமை காலை ரயிலில் ஏறுகிறேன், எப்படியும் நாலு மணி நேரம். பன்னிரண்டு முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி அட்டையில் அடுக்கி மடியில் வைத்துக்கொள்வேன். வந்ததும் ஓர் இரவு அசையாமல் வைத்துவிட்டு மறுநாள் பெட்டியில் வைப்போம். நீ புதன்கிழமையே பெட்டியை ஓடவிட்டு, சூடு 37.5இல் நிலையாக நிற்கிறதா என்று பார்த்து வை. தண்ணீர் ஊற்றாதே, நான் வந்து பார்க்கிறேன்.

தங்கச்சியிடம் சொல், மதியம் சாப்பிட வந்துவிடுவேன். ரசம் போதும்.

உன் நண்பன்

பி.கு.: ஆணியையும் கொண்டு வருகிறேன்.