கிளிகளுக்கான முளைகட்டும் விதைக் கலவை குறித்த புகார்

அனுப்புநர்
முளைகட்டும் விதைப் பெட்டி வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
செல்லப்பறவைத் தீவனத் தயாரிப்பு நிறுவனம்

பொருள்: முளைக்காத விதைகள், கலவையில் ராஜ்மா, தவறான செய்முறைத் தாள் – பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையை நிறுத்தவும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் 'கிளிகளுக்கான முளைகட்டும் விதைக் கலவை' பெட்டியை வாங்கினேன். உள்ளே ஒரு விதைப் பாக்கெட், ஒரு பிளாஸ்டிக் ட்ரே, ஒரு செய்முறைத் தாள். 'குறைந்த செலவில் வீட்டிலேயே சத்தான முளைகள்' என்று பெட்டியின் மேலே பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். பாக்கெட்டில் இருந்த விதைகளில் பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. ஊறி, நொந்து, கெட்டுப்போயின. முளைத்த கொஞ்சத்திலும் பெரும்பகுதியைக் கிளிகளுக்குப் போட முடியவில்லை.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். 'விதை இயற்கையான பொருள் என்பதால் முளைப்புத் திறன் மாறுபடும், நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரைச் சரிபார்க்கவும்' என்று பதில் வந்தது. தண்ணீரில் குறை இருந்தால் என் சமையலறைப் பச்சைப்பயறும் முளைத்திருக்கக் கூடாதே? அதே நாளில், அதே தண்ணீரில், பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் குப்பியில் அதையும் ஊறப்போட்டிருந்தேன். அது மறுநாளே வெள்ளை வெளேரென்று வால் விட்டது. உங்கள் கலவையில் இருந்த பச்சைப்பயறும் முளைத்ததுதான். மற்றவைதான் முளைக்கவில்லை. ஆகவே குறை விதையில்தான் இருக்கிறது. அதை நீங்கள் சரியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மீதியிருந்த விதையில் ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி, ரகம் ரகமாகப் பிரித்துப் பார்த்தேன். பச்சைப்பயறு முழுசாக, பளபளப்பாக இருந்தது. கோதுமையில் பல மணிகளில் ஊசி குத்தினாற்போல் துளை, அதைத் தட்டினால் மாவு கொட்டியது. பார்லி தோல் நீக்கித் தீட்டியது. கொண்டைக்கடலையில் கணிசமான பங்கு இரண்டாக உடைந்த பருப்பு. சூரியகாந்தி ஓடில்லாத வெறும் பருப்பு, அதிலும் பல முனை முறிந்தவை, நுனி பழுப்பேறியவை. விதைத் தொழில் செய்யும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முளைக்கரு இருக்கும் இடம் அடிபட்டால் அந்த விதை எத்தனை நாள் ஊறினாலும் முளைக்காது. தீட்டிய பார்லியும் உடைத்த கடலையும் சமையலுக்கு நல்ல தானியம்தான். முளைகட்டும் பாக்கெட்டில் அவற்றுக்கு என்ன வேலை? சாதாரணப் பறவைத் தீனியைப் புதிய பெட்டியில் அடைத்து, பெயரை மாற்றி விற்றிருக்கிறீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். இல்லையென்றால் விளக்கம் சொல்லுங்கள்.

முளைக்காத விதை வெறும் வீண் என்றால் நான் இத்தனை தூரம் எழுதியிருக்க மாட்டேன், பொறுக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். உயிருள்ள விதை தண்ணீரைக் குடித்ததும் மூச்சுவிடத் தொடங்கி, உள்ளே இருக்கும் மாவையும் கொழுப்பையும் எடுத்துச் செலவழித்து வளர்கிறது. செத்த விதைக்கும் அதே தண்ணீர், அதே வெதுவெதுப்பு கிடைக்கிறது. வளர்வது மட்டும் விதையல்ல, பாக்டீரியாவும் பூசணமும். அது பக்கத்தில் இருக்கும் நல்ல முளையிலும் ஏறிக்கொள்ளும். இரண்டாம் நாள் ட்ரேயின் மூடியைத் திறந்தபோது புளித்த வாடை வந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுவென்று நூல் இழுத்தது. நல்ல முளைக்கு மழை பெய்த மண்ணின் வாசம்தான் இருக்க வேண்டும். வாடை மாறினாலோ வழவழப்பு வந்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும் என்பது கிளி வளர்ப்பவர்களிடம் பாலபாடம். அதனால் முளைத்த பயறையும் சேர்த்தே கொட்டினேன்.

முளையில் வரும் கிருமி மனிதர்களையே சாய்த்திருக்கிறது. 2011-ல் ஜெர்மனியில் முளைகள் மூலம் பரவிய ஈ.கோலை தொற்றில் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெந்தய விதையோடுதான் கிருமி வந்திருக்க வேண்டும் என்று விசாரணையில் சொன்னார்கள். ஒரு காக்டெயில் கிளியின் எடை சுமார் 80 முதல் 100 கிராம். பட்ஜி என்ற சின்னக் கிளி என்றால் 30, 40 கிராம்தான். அந்த உடம்பு எவ்வளவு தாங்கும்? பூசணத்துக்கும் கிளிகளின் நுரையீரலும் காற்றுப்பைகளும் சீக்கிரம் இடம் கொடுத்துவிடும். போதாததற்கு, கிளிகள் நோயை வெளியே காட்டாமல் மறைக்கும் இயல்புள்ளவை. நமக்குத் தெரிய வரும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும்.

அடுத்து உங்கள் செய்முறைத் தாள். 'விதைகளை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிடவும். பின்பு ட்ரேயில் பரப்பி மூடி இறுக்கமாக மூடவும். முளைகள் ஒரு அங்குலம் வளர்ந்ததும் பறவைகளுக்குக் கொடுக்கவும்.' இவ்வளவுதான் அதில் இருக்கிறது. அலசுவது பற்றி ஒரு சொல்கூட இல்லை! முளைகட்டுவதில் பாதி வேலை அலசுவதுதான். கொண்டைக்கடலை போன்ற பெரியவற்றுக்கு 8 முதல் 12 மணி நேரம் ஊறினால் போதும், தினை, கம்பு போன்ற சிறுதானியங்களுக்கு அதைவிடக் குறைவு. ஒரு நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தால் காற்றில்லாமல் நல்ல விதையும் மூச்சு முட்டிச் சாகும். ஊறிய பிறகு தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட்டு, நாளுக்கு இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி அலசி வடிக்க வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் ஒருமுறை கூடுதலாக. காற்று போய்வர வழி இருக்க வேண்டும். உங்கள் ட்ரேயிலோ அடியில் தண்ணீர் தேங்குகிறது, மேலே மூடி காற்றுப் புகாமல் இறுகிக்கொள்கிறது. கெடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை.

முளை ஒரு அங்குலம் வளரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. வால் லேசாக எட்டிப் பார்த்ததுமே கொடுக்கலாம். அப்போது முளை புதிதாக இருக்கும், கெட்டுப்போகவும் நேரம் இருக்காது. மீதியை நன்றாக நீர் வடித்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். கூண்டில் வைத்ததைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டிய விஷயங்கள். புதிதாகக் கிளி வளர்ப்பவர் உங்கள் தாளை நம்பித்தானே செய்வார்? இன்னொன்று: ஒரே பாக்கெட்டில் போடும் விதைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முளைப்பவையாக இருக்க வேண்டும். பயறு வால் விட்டு நீண்ட பிறகும் மெதுவாக முளைக்கும் ரகம் அப்படியே கிடந்தால், அதற்காகக் காத்திருப்பதா, பயறை எடுத்துக் கொடுப்பதா?

இனி நான் சொல்லப்போவதுதான் மிக முக்கியம். கலவையில் சிவப்பு ராஜ்மா இருந்தது. ஒன்றிரண்டு தவறி விழுந்ததில்லை, பெட்டியின் பின்பக்கப் பட்டியலிலேயே 'ராஜ்மா' என்று அச்சடித்திருக்கிறீர்கள். வேகவைக்காத பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. நாலைந்து பச்சைக் கொட்டைகளைத் தின்றாலே மனிதர்களுக்குக் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். முளைகட்டினால் அது போய்விடாது, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வேகவைத்தால்தான் அழியும். பச்சைப்பயறு, மசூர், கொண்டைக்கடலை ஆகியவற்றை முளைகட்டிக் கொடுக்கலாம். ராஜ்மா போன்ற பெரிய பீன்ஸ் வகைகளை முளைகட்டி அப்படியே கொடுக்கக் கூடாது. நான் ஊறப்போடும் முன்பே அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டேன், எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவர் என்ன செய்வார்? பெட்டியிலேயே போட்டிருக்கிறது என்று அப்படியே கொடுப்பார்.

அதே கைப்பிடியில் இளஞ்சிவப்புப் பூச்சுள்ள சில மக்காச்சோள மணிகளும் கிடைத்தன. ஈரத்துணியில் தேய்த்தால் துணியில் சிவப்பு ஒட்டியது. விதைப்புக்கு விற்கும் விதைகளுக்குப் பூஞ்சைக்கொல்லி பூசுவதும், உண்பதற்கல்ல என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே சாயம் சேர்ப்பதும் விதைத் தொழிலில் வழக்கம். அந்த மணிகளின் பூச்சு என்னவென்று எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விதைப்பு விதை உங்கள் கலவைக்குள் எப்படி வந்தது என்றும் சொல்லுங்கள். அந்த மணிகளைத் தனியே ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டால் பாதியை அனுப்புகிறேன், பாதி என்னிடம்தான் இருக்கும்.

முதல் முறை ஊறப்போட்டதில், வாடை வருவதற்கு முன்பு, வால் விட்ட பயறைக் கொஞ்சம் எடுத்து என் காக்டெயில் ஜோடிக்குக் கொடுத்திருந்தேன். அன்று மாலையே பெட்டைக்கு எச்சம் தண்ணீராகப் போனது. இறகைச் சிலுப்பிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டது. பறவை மருத்துவரிடம் கொண்டுபோனோம். முளையை உடனே நிறுத்தச் சொன்னார், மருந்து கொடுத்தார். இப்போது தேறிவிட்டது. முளையால்தான் வந்தது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை, நானும் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் அன்று தீனியில் புதிதாகச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

உங்கள் பெட்டியை வாங்குகிறவர்கள் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். காய்ந்த சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று பழகிய கிளியை நல்ல தீனிக்குக் கொண்டுவர விரும்புகிறவர்கள். சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. விதையை மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ பற்றாமல் போகிறது, சுண்ணாம்புச் சத்து பற்றாமல் போகிறது, கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது. அப்படிப்பட்ட பறவைக்கு முளை ஒரு நல்ல வழி. பார்வைக்கும் ருசிக்கும் விதை மாதிரியே இருப்பதால் அடம் பிடிக்கும் கிளிகூட வாய் வைக்கும், அங்கிருந்து கீரைக்கும் காய்க்கும் மெல்லக் கொண்டுபோகலாம். முளைக்கும்போது வைட்டமின் சி கூடுகிறது, சத்து உடம்பில் சேராமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. இதற்கெல்லாம் ஒரு கண்ணாடிக் குப்பி, ஒரு மெல்லிய துணி, ஒரு ரப்பர் பேண்ட் போதும். உங்கள் ட்ரே இல்லாமலும் நடக்கும். நல்ல விதை இல்லாமல்தான் நடக்காது. அந்த நல்ல விதைக்காகத்தான் சாதாரணத் தானியத்தைவிடக் கூடுதல் விலை கொடுத்து உங்களிடம் வாங்கினேன். முதல் முயற்சியிலேயே இப்படி நாறிப்போனால், புதியவர் ஒருவர் 'முளையே வேண்டாம்' என்று பழையபடி சூரியகாந்திக்குத்தான் திரும்புவார். அந்தக் கிளிக்காகத்தான் எனக்கு வருத்தம்.

என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குக் கொடுத்த முழுத் தொகையும் மருத்துவச் செலவும் எனக்குத் திரும்ப வேண்டும், ரசீதுகளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ராஜ்மா சேர்ந்த எல்லாப் பாக்கெட்டுகளையும் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அதைப் பொறுக்கி எடுக்கும்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும். இனி விற்கும் பாக்கெட்டில் அறுவடை அல்லது பேக்கிங் தேதியும், சோதித்துப் பார்த்த முளைப்பு விகிதமும், பூச்சு எதுவும் இல்லாத விதை என்ற உறுதியும் அச்சில் இருக்க வேண்டும். என் பாக்கெட்டில் தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. முளைப்பைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு ரகத்திலும் நூறு விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ணினால் தெரிந்துவிடும். செய்முறைத் தாளை, பறவை மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி எழுதுங்கள்.

மற்றவற்றுக்கு இரண்டு வாரம் அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். ராஜ்மா பற்றியும் சாயம் பூசிய மக்காச்சோளம் பற்றியும் மட்டும் இந்தக் கடிதம் கிடைத்த உடனே பதில் வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் யாரோ ஒருவர் அந்தப் பாக்கெட்டைப் பிரித்து ஊறப்போட்டுக்கொண்டிருப்பார். 'விதை இயற்கையான பொருள்' என்ற பழைய பதிலே மறுபடி வந்தால், விதை மாதிரி, படங்கள், மருத்துவரின் குறிப்பு எல்லாவற்றோடும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போவேன். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள், தொலைபேசியில் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீது, மருத்துவ ரசீது, பாக்கெட்டின் முன்பக்கம் பின்பக்கம், பிரித்து வைத்த விதைகள், இரண்டாம் நாள் ட்ரே ஆகியவற்றின் படங்கள்