எங்கள் தெருவுக்குத் தெரிந்த ஒரு காவலர் வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்
குடியிருப்போர் சங்கச் செயலாளரும், இணைப்பில் கையெழுத்திட்டுள்ள குடியிருப்பாளர்களும்

பெறுநர்
காவல் துறை உயர் அதிகாரி அவர்கள்

பொருள்: எங்கள் பகுதிக்கு ஒரே காவலரை நடை ரோந்துக்கு நிலையாக நியமிக்கவும், சிறு புகார்களை ஒரே கோப்பில் சேர்த்துப் பார்க்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் பகுதியில் கொலை நடக்கவில்லை, பெரிய கொள்ளையும் இல்லை. அதனாலோ என்னவோ, எங்கள் புகார்கள் எப்போதும் வரிசையின் கடைசியிலேயே நிற்கின்றன.

நடப்பதைச் சொல்கிறேன். தெருமுனை விளக்கை யாரோ கல்லால் அடித்து உடைத்தார்கள். புது விளக்கு போட்டார்கள். ஒன்பதாம் நாள் அதுவும் உடைந்தது. அப்புறம் யாரும் மாற்ற வரவில்லை. விளக்குக் கம்பத்தை ஒட்டி ஒரு சிமென்ட் பெஞ்சு இருக்கிறது. பகலில் அது பெரியவர்கள் உட்காரும் இடம். இருட்டிவிட்டால் பாட்டில்களோடு வேறு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். பதினொரு மணிக்கு மேல் சைலன்ஸரைக் கழற்றிய பைக்குகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வேலை முடிந்து வரும் பெண்கள் அந்த முனையைத் தவிர்த்துப் பின்பக்கமாகச் சுற்றி வருகிறார்கள். நாலு நிமிட நடை, கால் மணி நேரம் ஆகிறது.

எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் அதே இடத்தில் செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். போன் போனதுகூடப் பெரிதில்லை என்கிறார் அவர். ஆனால் மாலை நடையை நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் வாசல் கேட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்கிறார், உள்ளே போய்விடுகிறார். இது எந்தக் குற்றப் பதிவேட்டில் ஏறும் என்று எனக்குத் தெரியவில்லை.

புகார் கொடுக்காமல் இல்லை. இரைச்சலுக்கு ஒருவர் போன் செய்தார், குடியைப் பற்றி இன்னொருவர் எழுதிக் கொடுத்தார், விளக்குக்கு வேறு அலுவலகம், போன் பறிப்பு தனி வழக்கு. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அற்ப விஷயம்தான். போன மாதம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிப் பார்த்தேன். முக்கால்வாசி அந்த ஒரே முனையில், இருட்டிய பிறகு நடந்தவை. எனக்கு ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துவிட்ட இது, புகார்கள் ஒரே மேசையில் சேராத வரை உங்கள் அதிகாரிகள் யாருக்கும் தெரிய வழியில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு வழி செய்திருக்கிறது. சமூகத் தொல்லை பற்றி ஆறு மாதத்துக்குள் மூன்று தகுதியான புகார்கள் கொடுத்தும் தீரவில்லை என்றால், பாதிக்கப்பட்டவர் மறுஆய்வு கேட்கலாம். காவல் துறை, உள்ளாட்சி போன்ற அமைப்புகள் சேர்ந்து அந்த விவகாரத்தை முழுதாகப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். இங்கே அப்படியொரு சட்டம் வரும்வரை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. உங்கள் உத்தரவு ஒன்று போதும்: எங்கள் முனைக்கு ஒரு கோப்பு, அதற்கு ஒரு பொறுப்பாளர்.

அடுத்தது ரோந்து. வண்டி வரவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். வருகிறது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல், சிவப்பு நீல விளக்கோடு கடந்து போகிறது. அரை கிலோமீட்டர் தூரத்தில் அது வரும்போதே பெஞ்சு காலியாகிவிடும். போனதும் திரும்ப நிரம்பிவிடும். கூடுதல் வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள், நன்றி. ஆனால் நாங்கள் கேட்பது அதை அல்ல. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 1972-73-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில பகுதிகளில் வழக்கமான வண்டி ரோந்தை நிறுத்தினார்கள், சிலவற்றில் இரண்டு மூன்று மடங்கு கூட்டினார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். குற்றத்திலும் சரி, மக்களின் பயத்திலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் வரவில்லை.

நடை ரோந்தின் கதை வேறு. நியூவார்க் நகரில் 1970-களின் இறுதியில் காவலர்களை நடக்கவிட்டுப் பார்த்தபோது குற்ற எண்ணிக்கை பெரிதாக இறங்கவில்லை, ஆனால் மக்களின் பயம் குறைந்தது. பிலடெல்ஃபியாவில் 2009 கோடையில் வன்முறை அதிகமிருந்த 60 இடங்களில் நடை ரோந்து விட்டார்கள். அது இல்லாத அதே மாதிரியான இடங்களோடு ஒப்பிட்டால் வன்முறைக் குற்றம் 23 விழுக்காடு குறைந்திருந்தது. காவலர்களைத் திரும்ப அழைத்ததும் அந்தப் பலன் நிலைக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு: இரண்டு வாரம் சிறப்பு ரோந்து விட்டு, படம் எடுத்து, கணக்கை முடித்துவிட வேண்டாம்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான காவலர் ஒரே ஆண்டில் மூன்று முறை மாறிவிட்டார். இப்போது இருப்பவரின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது, எங்கள் முகமும் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே ஆளை விடுங்கள். அவர் நாள் முழுதும் இங்கே நிற்க வேண்டாம். மினியாபொலிஸில் நடந்த ஆய்வு ஒன்றின்படி, பிரச்சினையுள்ள இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றாலே அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் அமைதி நீடிக்கிறது. அதற்கு மேல் நிற்பதால் பெரிய லாபமில்லை. ஆக, இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் இரண்டு முறை, நேரத்தை மாற்றி மாற்றி வந்தால் போதும். பெஞ்சில் அவரும் உட்காரட்டும். விளக்கை மட்டும் உள்ளாட்சியிடம் பேசி, கல்லுக்கு உடையாத கூண்டோடு போடச் சொல்லுங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் வேகமாக நடக்கும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாரும் வெளியாட்கள் இல்லை. சத்தமிடும் பைக்குகளில் ஒன்று, இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கும் ஒருவருடைய மகனுடையது. அவருக்கும் தெரியும், தெரிந்துதான் போட்டார். எனவே ஒரே இரவில் பையன்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் நிலையத்தில் உட்கார வைப்பதை நாங்கள் கேட்கவில்லை, விரும்பவும் இல்லை. பறித்தவனைப் பிடியுங்கள், கத்துகிறவனை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடங்கிவிடுவான். அந்த வித்தியாசம் தெருவைத் தெரிந்தவருக்குத்தான் பிடிபடும்.

எங்கள் பக்கமும் தப்பு நடந்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ‘சந்தேக நபர்’ என்று ஒரு படம் சுற்றியது. பத்துப் பேர் போய் அந்தப் பையனைச் சூழ்ந்துகொண்டார்கள். பார்சல் கொண்டுவந்தவன் அவன், வீட்டு எண் புரியாமல் நின்றிருந்தான். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கக்கூடப் பயந்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டு அனுப்பினோம். போலீஸ் வராது என்ற எண்ணம் ஊறிப்போன இடத்தில் அடுத்த முறை மன்னிப்போடு முடியுமா என்று எனக்கு உறுதியில்லை. அதன் பிறகு படம் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டோம்.

தேதிவாரிப் பட்டியலும், புகார் கொடுத்ததற்கான ரசீதுகளின் நகல்களும் இணைத்துள்ளோம். நியமிக்கப்படும் காவலர் வரும் முதல் நாள், சங்கத்திலிருந்து இரண்டு பேர் அவரோடு தெருக்களில் நடந்து வருவார்கள். மூத்த உறுப்பினரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கேட்டுக்கு வெளியே.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்கச் செயலாளர்

இணைப்பு: புகார்ப் பட்டியல், ரசீது நகல்கள், கையெழுத்துத் தாள்கள்