தொகுதி எல்லை வரைவு தெருவுக்கு வரட்டும்

ஐயா,

திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருவைக் கூட்டுவது மதுரை மாநகராட்சி. ஆனால் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைந்த 2008 மறுவரையறைப்படி மக்களவைக்கு நாங்கள் வாக்களிப்பது விருதுநகர்த் தொகுதியில். மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனித் தொகுதியில் உள்ளன. இதில் உள்நோக்கம் இருந்ததாக நான் கூறவில்லை. எனினும், 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி ஒப்பமிட்ட சட்டம், தம் கட்சியின் ஆதாயத்துக்காகப் பல்லிபோல் நெளிந்த தொகுதியை உருவாக்கியதை எண்ணினால், கோடு வரையும் கையின் வலிமை விளங்கும். நம் நாட்டில் பணியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் மறுவரையறை ஆணையம் எல்லைகளை வரைவது பெரிய பாதுகாப்பு. ஆயினும், இறுதி ஆணையை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த மறுவரையறைச் சட்டம் இடந்தராததால், அடுத்த மறுவரையறையின்போது, வரைவு நிலையிலேயே வரைபடத்தை வார்டு, தெருப் பெயர்களுடன் தமிழில் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்தை மதுரையிலேயே நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர், திருப்பரங்குன்றம்